பழைய காருக்கு வெப்பம் பார்த்து ஓடும் ஃபேன்: வடசென்னை நெரிசலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றால் அம்பாசடரின் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. அதே வண்டி செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் அறுபதில் ஓடும்போது முள் தானாக இறங்கிவிடுகிறது. காரணம் எளிது. அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு எல்லாவற்றிலும் ஃபேன் வாட்டர் பம்ப் மூக்கில் மாட்டியிருக்கிறது. இன்ஜின் சுற்றுகிற வேகத்தில்தான் அதுவும் சுற்றும். வண்டி நிற்கும்போது முன்பக்கக் காற்று கிடையாது, அந்த நேரம் பார்த்து ஃபேனும் சோம்பிவிடுகிறது. வேகமாகப் போகும்போது ஃபேனே தேவையில்லை. ஆனால் அப்போதுதான் அது முழு மூச்சாகச் சுற்றி இன்ஜினின் சக்தியைத் தின்கிறது.

வெப்பம் பார்த்து ஓடும் எலக்ட்ரிக் ஃபேன் இந்தத் தலைகீழ்க் கணக்கை நேராக்குகிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது, சோம்புவது ஃபேன் மட்டுமல்ல, கரன்ட் தயாரிக்கும் டைனமோவும்தான். ஃபேனை மாட்டுவது அரை நாள் வேலை. அதற்குக் கரன்ட் எங்கிருந்து வரும் என்று பார்ப்பதுதான் உண்மையான வேலை.

ஃபேனைத் தொடும் முன்

நோயுள்ள ரேடியேட்டருக்கு எந்த ஃபேனும் மருந்தாகாது. வடசென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதை வருடக்கணக்கில் ஊற்றி ஓட்டிய வண்டியில் ரேடியேட்டர் குழாய்களில் பாதி, உப்புப் படிந்து அடைத்திருக்கும். இன்ஜின் சூடான பிறகு, இன்ஃப்ராரெட் வெப்பமானியை ரேடியேட்டர் கோரின் (குழாய்களும் தகடுகளும் அடுக்கிய நடுப்பகுதி) மேல் பல இடங்களில் காட்டிப் பாருங்கள். நடுவில் சூடாகவும் ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்தும் இருந்தால் அந்தப் பகுதி அடைப்பு. பளபளப்பான பித்தளை, அலுமினியப் பரப்பில் இந்தக் கருவி தவறான எண் காட்டும். அங்கே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் அளவெடுங்கள். அடைப்பு இருந்தால் ரேடியேட்டர் பட்டறையில் டேங்க்கைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். கோர் அரித்திருந்தால் கோரையே மாற்ற வேண்டும்.

மூடியையும் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் எண் அழுத்தம். 7 பவுண்டு மூடி சரியாக வேலை செய்தால் வெறும் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. 13 பவுண்டு என்றால் சுமார் 118 டிகிரி. ரப்பர் காய்ந்த மூடி எந்த அழுத்தத்தையும் தாங்காது, 100 டிகிரியிலேயே கொதிக்கும். அதற்காக வண்டிக்கு உரியதைவிடப் பெரிய எண் மூடி போடாதீர்கள்: ஈயம் பற்றவைத்த பழைய டேங்க் தையலில் பிளந்துவிடும்.

இக்னிஷன் நேரம் பின்தங்கி, பிளக்கில் பொறி தாமதமாக விழுந்தாலும் வண்டி சூடேறும். மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த இன்ஜினை ஓட்டும்போது தண்ணீரில் குமிழ் தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) போயிருக்கிறது. மேற்கொண்டு எதுவும் செய்யாமல் அதைச் சரிசெய்யுங்கள். பல மெக்கானிக்குகள் சூட்டைக் குறைக்கிறேன் என்று தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அதைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாத இன்ஜின் குளிரில் ஓடி, ஆயிலைக் கெடுத்து, பெட்ரோலையும் வீணாக்கும். கீழே சொல்லும் வெப்பநிலைக் கணக்கு முழுவதும் 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை வைத்துத்தான்.

ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும். சென்னையில் உறைபனி கிடையாது, ஆனால் துருத் தடுப்புக்குக் கூலன்ட் வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கலக்குங்கள். பித்தளை ரேடியேட்டருக்குப் பழைய முறைக் கூலன்ட்தான் பொருந்தும். நிறத்தை நம்பாமல் டப்பாவில் செம்பு, பித்தளை, ஈயப் பற்றுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள்.

கரன்ட் கணக்கு

லூகாஸ் சி40 வகை டைனமோ நல்ல வேகத்தில் கொடுப்பது 22 ஆம்பியர். ஐடிலில் அது கொடுப்பது கிட்டத்தட்ட பூஜ்யம். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குவது அதனால்தான். இனி செலவைப் பாருங்கள். இக்னிஷன் காயில் 3 முதல் 4 ஆம்பியர். இரண்டு ஹெட்லைட் 45 வாட் வீதம் ஏழரை. பார்க்கிங், டெயில் லைட் 2. வைப்பர் 3. ஐப்பசி மழை இரவில் இதுவே சுமார் 16 ஆம்பியர் ஆகிறது. அதன் மேல் 10 ஆம்பியர் ஃபேன் போட்டால் டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலும் பற்றாது. மூலக்கடை சிக்னலில் நிற்கும்போது மொத்தமும் பேட்டரியிலிருந்துதான் போகும்.

எனவே இரண்டு வழிகள். டைனமோவை வைத்துக்கொள்ள விரும்பினால் பழைய ஃபேனைக் கழற்றாதீர்கள். ரேடியேட்டருக்கு முன்னால் 9 அல்லது 10 அங்குல மெலிந்த ஃபேன் ஒன்றைத் துணைக்கு மாட்டுங்கள். அது 6 ஆம்பியர் இழுத்தால் அரை மணி நேரத்துக்கு 3 ஆம்பியர்-மணிதான் செலவு. நல்ல பேட்டரி அதைத் தாங்கும், அடுத்த ஓட்டத்தில் ஈடுகட்டிக்கொள்ளும். இரவு, மழை, நெரிசல் மூன்றும் சேர்ந்தால் மட்டும் கவனம் வேண்டும்.

பழைய ஃபேனை முழுவதுமாக எடுக்கிற எண்ணம் இருந்தால், ஐடிலிலும் கரன்ட் தரும் ஆல்டர்னேட்டர் கட்டாயம். 35 ஆம்பியருக்குக் குறையாதது வேண்டும். பாடியில் தொழிற்சாலை வைத்திருக்கும் லூகாஸ்-டிவிஎஸ் ஆல்டர்னேட்டர்கள் பிற்கால அம்பாசடர்களில் வந்தவை என்பதால் பிராக்கெட் கிடைப்பது சிரமமில்லை. மாற்றும்போது, டைனமோவின் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டிக்கு வேலை இல்லாமல் போகும். பழைய டைனமோ ஒயரிலேயே புதிய கரன்ட்டை ஓட்டாமல், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி முனைக்குப் புதிதாக 6 சதுர மி.மீ. கேபிள் இழுங்கள். வண்டி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) என்றால் ஆல்டர்னேட்டர் போடுமுன் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியாக வேண்டும்; மறந்து இணைத்தால் டயோடுகள் அந்த நொடியே எரிந்துவிடும்.

ஃபேன் தேர்வு

ரேடியேட்டர் கோரின் அகலம், உயரம், வாட்டர் பம்ப் மூக்குக்கும் கோருக்கும் இடையிலான தூரம் மூன்றையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பம்ப் மூக்குக்கும் மோட்டார் முதுகுக்கும் இடையே குறைந்தது 20 மி.மீ. வேண்டும். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் பழையதானால் பிரேக் போடும்போது இன்ஜின் முன்னே ஆடும்.

1489 சிசி அம்பாசடருக்கும் 1089 சிசி பத்மினிக்கும் 12 அங்குல ஃபேன் ஒன்று போதும். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் காற்றளவை நம்ப வேண்டாம், அது முன்னால் ரேடியேட்டரே இல்லாமல் அளந்தது. பேட்டரியில் நேரடியாக இணைத்து, கிளாம்ப் மீட்டரால் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். 12 அங்குல ஃபேன் 8 முதல் 10 இழுத்தால் உழைக்கிற ஃபேன். 4, 5 தான் இழுக்கிறது என்றால் அது காற்றைக் கலக்குமே தவிர கோர் வழியாக இழுக்காது. புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய மாருதி 800 ஃபேன் நல்ல தேர்வு. கூடவே, கோர் முழுவதிலிருந்தும் காற்றை இழுக்க வைக்கும் அதன் உறையும் வருகிறது. வாங்கும்போது இறக்கையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டார் சுற்றி நிற்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் கார்பன் பிரஷ் முடிந்துவிட்டது.

எலக்ட்ரிக் ஃபேன் இன்ஜின் பக்கம் நின்று இழுப்பதுதான் சிறந்தது. முன்னால் நின்று தள்ளும் ஃபேன், ஓடும்போது வரும் காற்றைத் தானே மறைக்கும். இழுக்கும் ஃபேனைத் தள்ளும் ஃபேனாக்க ஒயரை மட்டும் மாற்றினால் போதாது. இறக்கையின் வளைவு எதிர்த்திசைக்கானது, காற்று வெகுவாகக் குறையும். அதற்கென்று செய்ததையே வாங்குங்கள்.

மாட்டுவது

கோர் வழியாகப் பிளாஸ்டிக் டை நுழைத்துக் கட்டும் முறை எல்லா ஆன்லைன் பொட்டலத்திலும் வருகிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள். மணலி சாலையின் குண்டு குழியில் ஆறு மாதம் ஓடினால் அந்த டை குழாயை அறுத்துவிடும். ரேடியேட்டரின் இரு பக்கச் சட்டத்திலும் ஏற்கெனவே உள்ள போல்ட் ஓட்டைகளைப் பிடித்து, 25 மி.மீ. அகலம் 3 மி.மீ. கனம் உள்ள இரண்டு அலுமினியப் பட்டைகளைக் குறுக்கே போடுங்கள். ஃபேனை அந்தப் பட்டையில் ரப்பர் புஷ் வைத்து நான்கு இடத்தில் மாட்டி, நைலாக் நட்டால் இறுக்குங்கள்.

வண்டியில் புதிய ஓட்டை போட வேண்டாம் என்று நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் கொண்டுவந்த விதியின்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்குத்தான் ‘விஏ’ எழுத்துகளுடன் விண்டேஜ் பதிவு கிடைக்கிறது. ஃபேன் சிறிய விஷயம்தான். ஆனாலும் ஒரு மணி நேரத்தில் கழற்றி அசல் நிலைக்குக் கொண்டுவர முடிகிற வேலையே பழைய வண்டிக்குச் செய்கிற மரியாதை.

உறை இல்லாத ஃபேன் தனக்கு நேராக உள்ள வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும். கோர் சதுரம், ஃபேன் வட்டம். நான்கு மூலையும் வீணாகிவிடும். ஒரு மி.மீ. அலுமினியத் தகட்டில், கோருக்கும் இறக்கைக்கும் இடையே 30 முதல் 40 மி.மீ. ஆழம் இருக்கும்படி உறை செய்து, ஓரத்தில் ரப்பர் பீடிங் வைத்துக் கோரோடு ஒட்டவையுங்கள். உறை முழுக் கோரையும் மூடுமானால் வேகத்தில் போகும்போது காற்று வெளியேற வழி வேண்டும். கீழ் மூலைகளில் இரண்டு சன்னல் வெட்டி, மேல் விளிம்பில் மட்டும் பிடித்த ரப்பர் ஷீட்டைத் தொங்கவிடுங்கள். ஓடும்போது காற்று அதைத் தள்ளித் திறக்கும், நிற்கும்போது ஃபேன் இழுத்து மூடிக்கொள்ளும்.

பழைய ஃபேனை எடுக்கும்போது அதன் நான்கு போல்ட்டுகளையும் அப்படியே திரும்பப் போடாதீர்கள். ஃபேனின் கனம் இல்லாததால் போல்ட் அதிகம் நுழைந்து பின்னால் முட்டலாம், அல்லது கப்பி இறுகாமல் ஆடலாம். அந்தக் கனத்துக்குச் சரியான குட்டைப் போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் போடுங்கள். பெல்ட் அதே இடத்தில்தான் இருக்கும், பம்ப்பைச் சுற்றுவது அதுதானே.

வெப்ப சுவிட்ச்: எங்கே, எத்தனை டிகிரி

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கி, மேலும் சுமார் பத்து டிகிரி ஏறிய பிறகே முழுவதும் திறக்கும். இன்ஜினிலிருந்து வரும் சூடான பக்கத்தில் சுவிட்ச் வைத்தால், ஃபேன் அணையும் வெப்பநிலை தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலைக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில், இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் 92-ல் ஓடி 87-ல் நிற்கும் சுவிட்ச் பொருத்தம். கீழ் டேங்க்கில் வைத்தால் தண்ணீர் ஏற்கெனவே ஆறி வந்திருக்கும் என்பதால் சில டிகிரி குறைந்த சுவிட்ச் வேண்டும். பழைய வண்டியில் மேல் பக்கமே நல்லது என்பது எங்கள் கருத்து: முள்ளும் சுவிட்சும் ஏறத்தாழ ஒரே தண்ணீரைப் பார்க்கும், பழுது தேடுவது சுலபம்.

டேங்க்கில் ஓட்டை போட்டுப் பித்தளை பாஸ் பற்றவைப்பதைவிட, மேல் ஹோஸை நடுவில் வெட்டி ஒரு குழாய்த் துண்டு சேருங்கள். ஹோஸ் எப்படியும் மாற்றுகிற பொருள். திருவொற்றியூர், அம்பத்தூர் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் இதைச் செய்து தருவார்கள். ஹோஸின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து, அதே வெளிவிட்டத்தில் 70 மி.மீ. நீளப் பித்தளைக் குழாய். இரு முனையிலும் கிளிப் வழுக்காமல் இருக்க ஒரு சிறு விளிம்பு. நடுவில் சுவிட்சுக்கான மரை. சுவிட்சை முதலில் வாங்கிக் கையில் கொடுத்து மரை வெட்டச் சொல்லுங்கள். பெரும்பாலானவை 22 மி.மீ. விட்டம், 1.5 மரை, 14, 16 மி.மீ. வகைகளும் உண்டு. சுவிட்ச் நுனி தண்ணீர் ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மரை வாய் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் காற்று தங்கும், சுவிட்ச் நீராவியைத்தான் பார்க்கும்.

இரண்டு முனை உள்ள சுவிட்ச் வாங்குங்கள். ஒற்றை முனை சுவிட்ச் தன் உடம்பு வழியாக எர்த் தேடும், ஆனால் இந்தக் குழாயின் இரு பக்கமும் ரப்பர்.

மாட்டுவதற்கு முன் சமையலறைச் சோதனை ஒன்று. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சுவிட்ச் நுனியை அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரை இணைத்துச் சூடேற்றுங்கள். எந்த டிகிரியில் சேர்கிறது, ஆறும்போது எந்த டிகிரியில் விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 92 என்று எழுதியது 99-ல் சேர்ந்தால் கடைக்காரரிடம் மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டையும் அதே பாத்திரத்தில் பார்த்துவிடலாம்.

ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் எண் காட்டும் தெர்மோஸ்டாட் பலகைகள் வெப்பநிலையை விருப்பப்படி மாற்ற உதவும். ஆனால் பானெட் சூடும் இக்னிஷன் இரைச்சலும் அவற்றுக்கு ஆகாது. வைத்தே தீர வேண்டுமென்றால் டேஷ்போர்டின் கீழே வையுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் வேண்டவே வேண்டாம்.

ஒயரிங்

வெப்ப சுவிட்ச் ஃபேனை நேரடியாக ஓட்டக்கூடாது. ஃபேன் கிளம்பும்போது இழுக்கும் கரன்ட் ஓடும்போது இழுப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. சுவிட்ச் முனைகள் சில மாதத்தில் ஒட்டிக்கொள்ளும். 40 ஆம்பியர் ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் மின்சுவிட்ச்) வழியாகப் போங்கள். ரிலேயின் கால்களில் எண் பொறித்திருக்கும்.

1. 30: பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக. பேட்டரிக்கு 15 செ.மீ. தூரத்துக்குள் ஃபியூஸ். 12 அங்குல ஃபேனுக்கு 20 ஆம்பியர், 14 அங்குலத்துக்கு 30.
2. 87: ஃபேனின் பாசிட்டிவுக்கு. இதே காலிலிருந்து டேஷ்போர்டு சிறு விளக்குக்கு ஒரு மெல்லிய ஒயர். விளக்கு எரிந்தால் ஃபேனுக்கு உண்மையில் கரன்ட் போகிறது என்று பொருள்.
3. 86: சாவி போட்டால் மட்டும் உயிர் வரும், ஃபியூஸ் உள்ள முனையிலிருந்து. லூகாஸ் ஃபியூஸ் பெட்டியில் அது ஏ4, பச்சை ஒயர்.
4. 85: நடுவில் ஆஃப் உள்ள மூன்று கால் டாகிள் சுவிட்சின் நடுக்காலுக்கு. ஒரு பக்கக் கால் வெப்ப சுவிட்ச் வழியாக எர்த்துக்கு, அது ஆட்டோ. மறு பக்கக் கால் நேரடியாக எர்த்துக்கு. அது எப்போதும் ஆன்.

ஆன் நிலை, வெப்ப சுவிட்ச் செத்துப்போனால் வீடு சேர உதவும். ஆஃப் நிலை மழைக்காலத்துக்கு. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்க நேர்ந்தால், சுற்றும் இறக்கை தண்ணீரில் பட்டு முன்னே வளைந்து கோரைக் கிழிக்கும், அல்லது மோட்டார் நின்று ஃபியூஸ் போகும். இறங்குமுன் ஆஃப் செய்து, ஏறியதும் ஆட்டோவில் போடுங்கள்.

ஃபேன் ஒயருக்கு 2.5 சதுர மி.மீ. குறைந்த அளவு. போக வர 6 மீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் அது 0.4 வோல்ட் இழக்கும். அதே இடத்தில் 1 சதுர மி.மீ. ஒயர் போட்டால் ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும், ஃபேன் வேகம் குறையும், ஒயரும் சுடும். 14 அங்குலத்துக்கு 4 சதுர மி.மீ. ரிலே காயில் பக்கம் 1 சதுர மி.மீ. போதும். வீட்டு ஒயரிங் மிச்சத்தைப் பயன்படுத்தாதீர்கள். அந்த உறை இன்ஜின் சூட்டுக்கானது அல்ல.

ஃபேன் எர்த்தை ரேடியேட்டரில் கொடுக்கவே கூடாது. தண்ணீர் வழியாகக் கரன்ட் கசிந்து பித்தளையையும் அலுமினியத்தையும் அரிக்கும். பேட்டரி எர்த் பிடித்த பாடி போல்ட்டுக்கே தனி ஒயர் கொண்டுபோங்கள், பெயின்ட் சுரண்டிய இடத்தில் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டு இறுக்குங்கள். காசிமேடு, எண்ணூர் உப்புக்காற்றில் லக்குகள் ஒரே வருடத்தில் பச்சை பூக்கும். கிரிம்ப் செய்து, ஈயம் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றி, முனையில் வாசலின் தடவுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் டயோடு இல்லாத ரிலே வாங்கி, ஃபேனின் இரு ஒயர்களையும் மாற்றி இணைக்க வேண்டும்.

சோதனை

முதலில் சாவி போட்டு, இன்ஜின் ஓடாமல், சுவிட்சை ஆனில் வையுங்கள். கிரில்லுக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள். அது ரேடியேட்டரோடு ஒட்ட வேண்டும். பறந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது.

பிறகு தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். ஹீட்டர் உள்ள வண்டியில் அதன் வால்வைத் திறந்து வையுங்கள். ஆட்டோவில் போட்டு ஐடிலில் விடுங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சூடாவது தெர்மோஸ்டாட் திறந்ததன் அடையாளம். சிறிது நேரத்தில் ஃபேன் ஓடி, சில நிமிடத்தில் நிற்க வேண்டும், மீண்டும் ஓட வேண்டும். ஓடும்போது ஃபேன் முனையில் வோல்ட் அளந்து பேட்டரி வோல்ட்டுடன் ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஃபேன் கிளம்பும்போது இன்ஜின் திணறினால் ஐடிலைச் சிறிது கூட்டுங்கள்.

நிஜமான தேர்வு கத்திரி வெயிலில், பிற்பகல் இரண்டு மணிக்கு, தண்டையார்பேட்டை நெரிசலில். அங்கே முள் நடுவில் நின்றால் வேலை சரி.

கோளாறு வந்தால்

ஃபேன் நிற்கவே இல்லை: தெர்மோஸ்டாட்டும் சுவிட்சும் பொருந்தவில்லை, அல்லது ரிலே முனை ஒட்டிக்கொண்டது. ரிலேயைப் பிடுங்கியும் ஓடினால் ஒயரிங் பிழை.

பத்து நிமிடம் ஓடி ஃபியூஸ் உருகுகிறது, ஆனால் கரன்ட் சரியான அளவுதான்: ஃபியூஸ் பெரிதாக்காதீர்கள். ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். பிடிப்பு தளர்ந்த மலிவு ஹோல்டர் அது.

நெரிசலில் முள் சரியாக இருந்து, 60 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் ஏறுகிறது: உறை காற்றை மறைக்கிறது, அல்லது கோர் அடைப்பு. கீழ் ஹோஸையும் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள்; உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால் பம்ப் இழுப்பில் ஹோஸ் சப்பையாகும்.

ஃபேன் ஓடவில்லை, தண்ணீர் கொதிக்கிறது, சுவிட்ச் இருக்கும் குழாய் மட்டும் ஆறியிருக்கிறது: தண்ணீர் குறைந்து சுவிட்ச் காற்றில் நிற்கிறது. இன்ஜினை நிறுத்தி, முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் தொடுங்கள்.

100 கி.மீ. ஓடியதும் பட்டை போல்ட், ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கழற்றிய பழைய ஃபேனையும் அதன் நான்கு நீளப் போல்ட்டுகளையும் ஒரு துணியில் சுற்றி டிக்கியில் வையுங்கள். மோட்டார் எரிந்துபோனால், ஒரு ஸ்பானரை வைத்துச் சாலையோரத்திலேயே அதை மாட்டி வீடு வந்து சேரலாம்.